தொடர்புத் துறைத் தலைவரின் ஹாட்ஸ்பாட்

நவம்பர் 12

மழை. சாலையோர ஓய்வகத்தில், கழிப்பறைக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்தியிருக்கிறோம். ஐம்பத்தெட்டு வயதில் இதுதான் என் அலுவலகம்: வேனின் பின்பகுதி, மடக்கு மேசை, மடிக்கணினி, மூக்குக்கு நேரே கணவரின் ஈர சாக்ஸ்.

ஓய்வு பெற்ற பணத்தில் என் கணவர் கட்சுநோரி வேனை வாங்கி, சைத்தாமா வீட்டைப் பூட்டி, "ஊரெல்லாம் சுத்தலாம் வா. உன் வேலைக்கு நெட்டுதானே வேணும்? அது என் பொறுப்பு" என்றார். அன்றிலிருந்து அவர் தொடர்புத் துறைத் தலைவர். அவரே சூட்டிக்கொண்ட பட்டம். துறையில் மொத்தம் இரண்டு டப்பாக்கள். ஒன்று, சிம் போட்ட ஹாட்ஸ்பாட். மற்றது, பயணத்துக்கான குட்டி ரவுட்டர். முன்னதைப் பின்னதில் ஒரு கம்பியால் செருகியிருக்கிறார். இணையம் அந்தக் கம்பியில் ரவுட்டருக்குப் போகிறது. ஹாட்ஸ்பாட்டுக்கு மின்சாரமும் அதே கம்பியில் வருகிறது. "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. முப்பது வருஷம் கனெக்டர் வித்தவன்டி நான்."

இன்று நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த வகுப்பின் நடுவில் ஹாட்ஸ்பாட் அணைந்துபோனது.

"மலை மறைக்குது," என்றார்.

எந்த மலை? எதிரே கடல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நவம்பர் 19

மறுபடியும்.

செகினேவுக்குக் காது கேட்காது. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பேசுவதை இணையத்தில் கேட்டு வேனிலிருந்து நானும், வகுப்பறையிலிருந்து என் கூட்டாளி நொபுகோவும் மாறி மாறித் தட்டச்சு செய்கிறோம். அவள் திரையில் படிக்கிறாள். நான் அறுந்துபோனால் அவளுக்குப் பாதி வாக்கியங்கள்தான் மிச்சம். இன்று பேராசிரியர் ஏதோ வேடிக்கை சொல்லியிருக்கிறார். வகுப்பே சிரித்ததாம். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, தாமதமாகச் சிரித்தாளாம். இதை நொபுகோ போனில் சொன்னாள். பிறகு, "ஒருத்தியா எவ்வளவுதான் அடிக்கிறது, ஃபுமியோ? விரலே கழண்டுடும்போல இருக்கு" என்றாள்.

பல்கலைக்கழக அலுவலகம் கண்ணியமாக எழுதியிருக்கிறது. இன்னொரு முறை அறுந்தால், ஜனவரி 29-க்கு வேறு ஆளைப் போடுவார்களாம். அன்றுதான் செகினேவின் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு. மூன்று பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள். கேள்வி திரையில் வந்தால்தான் அவளால் பதில் சொல்ல முடியும். "நீங்க அடிச்சா அவங்க இழுத்துப் பேசுறதுகூடத் தெரியும், நீங்கதான் வேணும்" என்று அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள்.

இரண்டு வருடமாக அவளுக்குக் காதாக இருக்கிறேன். இந்த மனிதரின் டப்பாவுக்காக அதை விட்டுக்கொடுப்பேனா?

நவம்பர் 20

மாலை, வேன்காரர்களின் மாநாடு. ஓய்வு பெற்ற ஐந்து ஆண்கள், மடக்கு நாற்காலிகள், கருவாடு வாட்டும் புகை. எவன் வண்டியில் எத்தனை ஆம்ப் பேட்டரி என்பதுதான் பேச்சு. வீட்டில் ஒரு பல்பு மாற்றியிருப்பார்களா இவர்கள்?

இசோபே என்பவர் இவர்களில் பெரிய குரல். "ஆண்டெனா வாங்குங்க கட்சுநோரி-சான். கூரையில வச்சா சும்மா பிச்சுக்கும்."

"நானும் அதான் நினைச்சேன்," என்றார் எங்கள் தலைவர். நினைத்தாராம்.

"ஆண்டெனா வந்தா செத்த டப்பா எந்திரிச்சு உக்காருமா?" என்று கேட்டேன். ஐந்து பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பெண்பிள்ளைக்குப் புரியவில்லை என்ற சிரிப்பு.

நவம்பர் 23

கூரையில் ஆண்டெனா. கூரைக்குக் கீழே அதே கதை. நல்லவேளை, இன்று விடுமுறை, வகுப்பில்லை.

நவம்பர் 25

அவர் பொது வெந்நீர்க் குளியலகத்துக்குப் போனார். நான் காலையிலிருந்து ஹாட்ஸ்பாட்டின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்னல் குறி எரிகிறது, சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். எண்ணோ இறங்கிக்கொண்டே வருகிறது. காலையில் நூறு. மதியம் ஐம்பதுகூட இல்லை.

அவர் பிரிக்காத உறையில் கையேடு இருந்தது. ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ரவுட்டரின் அந்தத் துளை கொஞ்சம் மின்சாரம்தான் தரும். ஹாட்ஸ்பாட் விடாமல் வேலை செய்யும்போது அது போதாது. தனி மின்சாரம் வரும் ஹப் என்ற இணைப்புப் பெட்டியை இடையில் போடுக, அல்லது கம்பியில்லாமல் இணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை நேராகச் சார்ஜ் செய்க. அவ்வளவுதான். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டுவிட்டு, யானை ஏன் படுத்தது என்று மலையைத் திட்டியிருக்கிறார்.

சிவந்த முகத்தோடு வந்தவரிடம் காட்டினேன்.

"கையேடெல்லாம் தெரியாதவனுக்கு எழுதுறது," என்றார்.

"அதான் உங்களுக்குக் காட்டுறேன்."

டவலை உதறிவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நவம்பர் 26

பேருந்து பிடித்து நகரத்துக்குப் போய் நானே ஹப் வாங்கி வந்தேன். மாட்ட ஐந்து நிமிடம் ஆகவில்லை.

டிசம்பர் 3

இணைப்பு அறுந்துபோகவில்லை.

டிசம்பர் 10

இன்றும் அறுந்துபோகவில்லை. பேராசிரியர் தும்மினார், (தும்மல்) என்று அடித்தேன். செகினே எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாளாம்.

மாலையில் இசோபேயிடம் இவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "பிரச்சினை ஆண்டெனா இல்லீங்க. கரண்ட்டு. நான் பார்த்தவுடனே கண்டுபிடிச்சிட்டேன்." வெளியே போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். உதோன் நூடுல்ஸ் ஆறிவிடும் என்று உள்ளேயே இருந்தேன். இந்த ஆளைத் திருத்துவதைவிடச் சாப்பிடுவது லாபம்.

ஜனவரி 8

புதிய நோய். இணைப்பு அறுந்துபோகவில்லை, ஆனால் ஊர்கிறது. நான் அடித்த வார்த்தை செகினேவுக்குப் போய்ச் சேருவதற்குள் பேராசிரியர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார்.

முன்சீட்டில் அவர் கைப்பேசியைப் பார்த்தேன். வகுப்பு நேரத்தில், என் ஹாட்ஸ்பாட் வழியாக, வீடியோ ஏற்றிக்கொண்டிருக்கிறார்! ஒரு சேனல் வைத்திருக்கிறாராம். பெயர்: ‘சுதந்திர மனிதனின் சக்கரங்கள்’. பார்ப்பவர்களில் பாதி அந்த மாநாட்டுக்காரர்களாகத்தான் இருக்கும். கடைசி வீடியோவில் என் முதுகு. அடியில் எழுத்து: ‘மனைவியின் தொழிலுக்காக நான் உருவாக்கிய வலையமைப்பு’.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு வாக்கியம் போய்ச் சேரலை, உங்களுக்கு சக்கரம் கேக்குதா?"

"ரெண்டு நிமிஷ வீடியோடி. என்னமோ உயிர் போற மாதிரி கத்துறே."

"போகுது! அவளுக்குப் போகுது!"

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். இரவுச் சாப்பாட்டை முன்சீட்டுக்கே எடுத்துப் போய்ச் சாப்பிட்டார். பெரிய நஷ்டமில்லை.

ஜனவரி 29

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் எழுந்து பார்த்தால் ஹப் இல்லை. பழையபடி கம்பி நேராக ரவுட்டரில். இரவெல்லாம் இணையத்திலிருந்து எதையோ இறக்கியிருக்கிறார். புதிய கடவுச்சொல்லை நானே எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டியது எனக்குத்தான் மறந்துபோனது. ஹாட்ஸ்பாட்டில் சார்ஜ் பதினொன்று. தேர்வு பத்து மணிக்கு.

"ஹப் எங்க?"

"இசோபே கேட்டார். அவருக்கும் அதே பிரச்சினை. நான்தானே கண்டுபிடிச்சேன், கொடுத்தேன். அவர் கிளம்பிட்டார், ஓய்தா ஊர்ல பார்க்கும்போது திருப்பித் தருவார்."

"இன்னைக்கு என்ன நாள்?"

"வியாழன்." யோசித்துவிட்டு, "ஓ," என்றார். தோளில் டவலைப் போட்டுக்கொண்டார். "நான் குளிச்சிட்டு வந்து பார்க்குறேன். பதறாதே."

குளிக்கப் போனார்! பவர் பேங்கை அவருடைய கேமரா குடித்து முடித்திருந்தது. அழுகை வந்தது. அழுதால் யார் தட்டச்சு செய்வது? கம்பியைப் பிடுங்கினேன். கையேட்டின் இரண்டாவது வழி: ரவுட்டரை ஹாட்ஸ்பாட்டோடு கம்பியில்லாமல் சேர்த்தேன். ஹாட்ஸ்பாட்டை ஸ்டீயரிங் பக்கத்து சாக்கெட்டில் செருகினேன். அந்த சாக்கெட் இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். ஓய்வகத்திலோ நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிடக் கூடாது. போன வாரம்தான் ஒரு பணியாளர் கண்ணாடியைத் தட்டி, குனிந்து மன்னிப்புக் கேட்டபடியே திட்டிவிட்டுப் போனார்.

திருமணமான முப்பத்தொரு வருடத்தில் அவர் வண்டியை நான் ஓட்டியதே இல்லை. ஓட்டினேன். மீன்பிடித் துறைமுகத்தின் கடைசியில், யாரும் இல்லாத மீன் இறக்கும் மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்தேன்.

எண் ஏறியது. பதினான்கு. இருபது.

மூன்றாவது பேராசிரியர் முனகிப் பேசுகிறவர். "அந்த ஆற்று மணல், அது வேறு மலையிலிருந்தும் வந்திருக்கலாமே?" என்று கேட்டார். நான் அடித்து முடிக்கும் முன்பே செகினே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பாதியிலேயே கேள்வியைப் பிடித்துவிட்டாள்! நல்ல பதில். நொபுகோ எங்கள் தனி அரட்டையில் ஒரே ஒரு ஆச்சரியக்குறி போட்டாள்.

முடிந்ததும் கைப்பேசியைப் பார்த்தேன். ஒன்பது அழைப்புகள்.

"எங்கடி போனே? டவலோட நிக்கிறேன் இங்க!"

"வேலைக்குப் போனேன்."

ஜனவரி 31

அவர் ரயிலேறி வீட்டுக்குப் போய்விட்டார். "வண்டியை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? ரெண்டு நாள்ல நீயே வருவே."

வரச் சொல்லிக் கெஞ்சுவேன் என்று நினைத்தாரோ? ஆண்டெனாவைக் கழற்றி ஓய்வகத்துக் குப்பையில் போடப் பார்த்தேன். வீட்டுக் குப்பை போடக் கூடாது என்று பலகை. பின்னால் எறிந்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 17

செகினே தேறிவிட்டாள். மேற்படிப்பும் அங்கேயே.

மார்ச் 6

தெற்கே, இன்னும் தெற்கே. சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. திட்டிய வாயால் இதை அவரிடம் சொல்ல மாட்டேன். காலையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருக்க முடிகிறது.

ஏப்ரல் 14

மழை. எங்கே இருக்கிறேன் என்று நேற்று போனில் கேட்டவர், ககோஷிமா ரயில் நிலையத்தில் ஒரு பையோடு வந்து நின்றார். மெலிந்திருக்கிறார். சட்டையை இஸ்திரி போடத் தெரியாமல் போட்டிருக்கிறார். துறைமுகத்துக்கு வரும்வரை சேனலைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

"நான் எங்க உக்காரட்டும்?" என்று கேட்டார்.

"முன்னாடி. மூணு மணிக்கு செகினேவுக்கு முதல் வகுப்பு."

மூன்றடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, நான் சொல்லாமலே கைப்பேசியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். குடையை எடுக்கவில்லை. கண்ணாடி வழியாகத் தெரிந்தது. துறைமுக மேடையோரம், தோள் நனைய நின்றுகொண்டிருந்தார். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். பேராசிரியர் பேச ஆரம்பித்துவிட்டார்.