ஆளில்லாத ஸ்டேஷனுக்கு ஆள் கொண்டுவந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை லேபில் ஒரு பல் செட்டுக்காக இளஞ்சிவப்பு மெழுகுத் தாளை விளக்கில் காட்டிச் சூடாக்கினேன். இளகியதும் அந்த வாசனை எழுந்தது. பல வருடங்களாக என் தொழிலின் வாசனை அது; என் மூக்கு அதைக் கண்டுகொள்வதே கிடையாது. இன்று கண்டுகொண்டது. கை தானாக ஒரு துணுக்கைக் கிள்ளி உருட்டியது. பார்த்தால் விரல் நுனியில் தலையும் உடம்புமாக ஒரு ஆள் நிற்கிறான். எங்கே போகிறவன் என்று தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் உடனே சொல்லியிருப்பீர்கள், சேலத்துக்குப் பெண் பார்க்கப் போகிறான் என்று.

நீங்கள் முதன்முதலில் வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறது. மல்லேஸ்வரத்தில் ரங்கநாத் சார் வீட்டுக் கார் ஷெட்டில்தான் அப்போது எங்கள் மாடல் ரயில் கூட்டம் நடக்கும். கூட்டம் என்றால் நான்கு பேர். ஓய்வுபெற்ற இன்ஜினியர் ரங்கநாத் சார், கூரியர் ஆபீசில் வேலை பார்க்கும் ஜோசப், நான், மழை பெய்தால் வராத இன்னொருவர். தண்டவாளம் துடைப்போம், காபி குடிப்போம், எது கிடைக்கவில்லை, எது ரிப்பேர் என்று பேசுவோம். எங்கள் மேஜை ரயில்பாதைக்கு நாங்கள் வைத்த பெயர் லேஅவுட். பெங்களூரில் லேஅவுட் என்றால் வீட்டுமனை, வெளியில் அந்தச் சொல்லைச் சொன்னாலே வம்பு. "ஞாயித்துக்கிழமை லேஅவுட் வேலை இருக்கு" என்றால், "எந்தப் பக்கம் சைட் வாங்கியிருக்கீங்க?" என்று கேட்பார்கள்.

நீங்கள் ஆட்டோவிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகளோடு இறங்கினீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும், வைட்ஃபீல்டில் தனியாக இருப்பதாகவும், கணவர் போன வருடம் தவறிவிட்டார் என்றும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தீர்கள். பெட்டிகளில் அவர் வாங்கி வைத்த ரயில்கள். ஒன்றைக்கூட அவர் ஓட்டியதில்லை. "தொட்டா மதிப்புப் போயிடும்னு பீரோவுல பூட்டி வெச்சிருப்பாரு. தூசி தட்டக்கூட என்னை விட மாட்டாரு. நீங்க நாலு பேரும் எடுத்துக்குங்க சார். ஆனா ஒண்ணு, ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. பார்த்துட்டுப் போயிடறேன்."

நாங்கள் நால்வரும் அதற்குள் கண்ணாலேயே பாகம் பிரித்துவிட்டோம். அந்த நீல நிற டீசல் எஞ்சினை நான் எனக்கென்று ஒதுக்கியும் விட்டேன். தண்டவாளத்தில் வைத்து கரெண்ட் கொடுத்தோம். அசையவில்லை. உள்ளே கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. என் பையிலிருந்த பல் சுரண்டும் ஊசியை எடுத்து ஒவ்வொரு பல்சக்கரமாகச் சுத்தம் செய்தேன். நீங்கள் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டே, "அதுக்கும் பல்லு, உங்களுக்கும் பல்லு, சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கேன்" என்றீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி வைத்தோம். முனகிக்கொண்டு நகர்ந்தது. பிறகு ஓடியது. முன்விளக்கு எரிய, வளைவில் திரும்பி, அட்டைக் குகைக்குள் நுழைந்து, உங்கள் பக்கமாக வெளியே வந்தது.

நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டீர்கள். "இது ஓடுமா? இவ்வளவு நாளா தெரியாமப் போச்சே!" என்றீர்கள். இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று காபி ஆறிப்போகும்வரை பார்த்தீர்கள். அப்புறம் எழுந்து, எஞ்சினை நீங்களே கையிலெடுத்து, பெட்டியில் வைத்து, மூன்று பெட்டிகளையும் திரும்ப ஆட்டோவில் ஏற்றச் சொன்னீர்கள். "மன்னிச்சுக்குங்க. குடுக்கறதா இல்ல. அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரணும்?"

ஆட்டோ திருப்பம் தாண்டும்வரை நாங்கள் வாசலில் நின்றோம். ஜோசப்தான் முதலில் சிரித்தான்.

அடுத்த வாரமே எங்கள் லேஅவுட்டைச் சுற்றிவந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். மலை இருக்கிறது, பாலம் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது. "ஸ்டேஷன்ல ஒரு ஆள்கூட இல்லையே தம்பி. பந்த்தா?"

நாங்கள் யாரும் அதுவரை அதைக் கவனித்ததில்லை. எங்களுக்கு ரயில் சரியாக இருந்தால் போதும். நீங்கள் என்னிடம் வீணாகும் மெழுகுத் துணுக்குகளைக் கேட்டு வாங்கிப்போனீர்கள். உங்கள் சாப்பாட்டு மேஜை பட்டறையானது. குண்டூசி, பல்குத்தும் குச்சி, நெயில் பாலிஷ், உங்கள் பழைய புடவையின் நூல். வாரா வாரம் டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து ஜனங்களைக் கொண்டுவந்தீர்கள். பெஞ்சில் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர். பூக்காரி. டிக்கெட் எங்கே வைத்தோம் என்று பையைக் கொட்டித் தேடும் மனிதர். அவரைப் பார்த்துத் தலையிலடித்துக்கொள்ளும் மனைவி. ஒவ்வொருவருக்கும் ஊர், உறவு, சண்டை எல்லாம் உண்டு.

ரங்கநாத் சாருக்கு அளவு பிசகக் கூடாது. லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த இட்லிக்காரம்மா பாத்திரம் நிஜத்துல மூணடி உயரம் வரும்" என்றார். நீங்கள் அசரவில்லை. "கல்யாண ஆர்டர் சார். பெரிய இடம்." அவர் லென்ஸை மடித்து வைத்துவிட்டு, அந்த அம்மாளை பிளாட்பாரத்தில் தன் கையாலேயே ஒட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் ரங்கநாத் சார் வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டப்போகிறார்கள் என்று ஆனது. லேஅவுட்டைப் பிரித்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டு கலைவதுதான் வழி என்று நினைத்தோம். ஜோசப் தன் சர்ச்சில் கேட்டுப் பார்த்தான். ஹாலுக்குப் பின்னால் ஒரு பழைய அறை பூட்டிக் கிடந்தது. சர்ச் கமிட்டி செயலாளர், "பொம்மை ரயிலுக்கு எதுக்குங்க ரூம்? நாலு பேர் வந்து பார்க்கற விஷயமா இது?" என்றாராம். சரி, ஒரு நாள் ஹாலில் வைத்துக் காட்டுங்கள், பார்க்கலாம் என்று விட்டார்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்ததும் கூட்டம் அப்படியே ஹாலுக்குள் வந்தது. செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். நீல எஞ்சின் ஐந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு பாலத்தில் ஏறியது. பாதிப் பாலத்தில் கரெண்ட் போனது. தெரு முழுக்க இல்லை.

ரங்கநாத் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஈக ஏன் மாடோது?" என்று என்னிடம் கேட்டார். என்ன செய்வதென்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? எனக்கு நாலு பேர் முன்னால் வாயே திறக்காது. ஜனங்கள் வாசல் பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள்.

அப்போது உங்கள் குரல் கேட்டது. மைக் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் பழகிய குரல், ஹாலின் கடைசி வரை போனது. "ப்ரயாணிகர கமனக்கே!" என்று கன்னடத்தில் தொடங்கி, அப்படியே தமிழுக்கு வந்தீர்கள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஜோலார்பேட்டை வழியாகச் செல்லும் வண்டி, டிரைவர் காபி குடிக்க இறங்கிவிட்டதால், பாலத்தின் மேல் நிற்கிறது. அவசரமாகப் போக வேண்டியவர்கள் இறங்கித் தள்ளவும்."

ஹால் சிரித்தது. நீங்கள் நிறுத்தவில்லை. பிளாட்பாரத்தில் நிற்கும் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தினீர்கள். டிக்கெட் தேடுகிறவருக்கு ஓர் அறிவிப்பு. "டிக்கெட் உங்க சட்டைப் பையில இருக்கு, வீட்டம்மா மூணு தடவை சொல்லிட்டாங்க." வந்தவர்கள் குனிந்து அந்த ஆளைத் தேட, ஒரு பெரியவர், "இது அப்படியே எங்க மச்சினன்" என்றார். யாரோ ஒருவர் எஞ்சினை விரலால் தள்ளினார். அடுத்தவர் வாங்கித் தள்ளினார். கைமாறிக் கைமாறி வண்டி ஊரைச் சுற்றி வந்தது. ஸ்டேஷனுக்குள் அதைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியது யார் என்று பார்த்தால், செயலாளர். வாயால் ஹாரன் வேறு அடித்தார்.

கரெண்ட் வந்தபோது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறையின் சாவி அந்த வாரமே ஜோசப் கையில் இருந்தது.

அந்த அறையில்தான் உங்களுக்கு நல்ல வருடங்கள் அமைந்தன. எங்களுக்கும்தான். மழைக்கு வராதவர்கூடக் குடை பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார். போன மழைக்காலத்தில் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானும் ரங்கநாத் சாரும் வந்தோம். பேச மூச்சு வாங்கியது. ஆனாலும் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளைக் கண்ணால் காட்டி, "மூக்கைப் பாருங்க தம்பி. மெழுகுல அந்த வளைவு வராது" என்றீர்கள். ரங்கநாத் சார் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அடுத்த வாரம் உங்கள் மகளிடமிருந்து போன் வந்தது. காரியமெல்லாம் முடிந்த பின் அவர் பெட்டிகளோடு அறைக்கு வந்தார். "ஓட்டணும்னு சொல்லிட்டாங்க அம்மா. யாரும் பூட்டி வெக்கக் கூடாதாம்." ஓட்டுகிறோம் அக்கா. நீல எஞ்சினுக்குச் சக்கரம் தேய்ந்து, புதிதாக மாற்றியிருக்கிறோம். உங்கள் வீட்டுக்காரர் பார்த்தால் திட்டுவார். நீங்கள் கைதட்டுவீர்கள்.

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டது. என் மச்சான் ஊரிலிருந்து வந்தார். அழைத்துவர கன்டோன்மென்ட் ஸ்டேஷன் போயிருந்தேன். வண்டி நின்றதும் இரண்டு பெண்கள் கட்டிக்கொண்டார்கள். அக்கா தங்கை போல ஒரே முகம், இருவருக்கும் நரை. உடனே பெட்டியை யார் தூக்குவது என்று சண்டை. "விடுடி, நான் தூக்கறேன்." "முட்டி வலிக்குதுன்னு போன்ல அழுதது யாரு?" இழுத்த இழுப்பில் பெட்டி திறந்து பிளாட்பாரமெல்லாம் மாங்காய் உருண்டது. போர்ட்டர், போலீஸ்காரர், நான், எல்லாரும் குனிந்து பொறுக்கினோம். அந்த இருவரும் உதவாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே நடக்கும்போது மச்சான் வழக்கம்போலக் கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் அரைமணி நேரம் பதில் சொல்லிக் கழுத்தறுக்கும் கேள்வி அது.

"என்ன மச்சான், இன்னைக்கு எந்த எஞ்சின்?"

யோசித்தேன். நிறம்கூட நினைவில் இல்லை.

"பார்க்கல" என்றேன்.

அவர் நின்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.