எட்டு வாசலிலும் வேப்பிலை

அக்கா,

இன்று காலை மின்சாரக் கம்பி இழுக்க வந்த ஆட்கள் தெருமுனை வேப்பமரத்தில் குறுக்கே நின்ற கிளைகளை வெட்டினார்கள். அந்த வாசனை சமையலறைவரை வந்தது. களி கிண்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அடுப்பை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் செல்வியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், "ஏம்மா, தெனமும் இதே வேலையா உனக்கு?" என்று என் கையைத் தட்டிவிட்டாள். அவள் போன பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் சேலத்திலிருந்து வந்தபோது இங்கே தெருவே கிடையாது. ஓசூருக்கு வெளியே, கேழ்வரகு விளைந்த நிலத்தில் ஒரே வரிசையாகக் கட்டிய எட்டு ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு கிணறு, சுற்றிலும் கல்லும் காற்றும். அதற்கு 'எக்ஸ்டென்ஷன்' என்று பெரிய பெயர். எட்டு வீட்டில் யாருக்கும் யாரும் உறவில்லை. முதல் வீட்டில் தர்மபுரிப் போலீஸ்காரர் குடும்பம். நடு வீட்டில் தெலுங்கு பேசும் தையல்காரர் குடும்பம். கடைசி வீட்டில் ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்த நீங்களும் உங்கள் எருமையும். கிணற்றடியில் மூன்று பாஷை பேசினோம், ஆனால் சண்டை மட்டும் எல்லோருக்கும் ஒரே பாஷையில் புரிந்தது. என் கணவர் பஸ் கண்டக்டர். பாதி நாள் கிருஷ்ணகிரியிலேயே தங்கிவிடுவார். நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஓட்டின் மேல் பூனை நடந்தாலும் சாமியைக் கூப்பிடுவேன்.

உங்களைப் பார்த்தும் பயந்திருக்கிறேன், அக்கா. சொன்னால் சிரிப்பீர்கள். இடது கன்னம் முழுக்கக் குழிக் குழியாகத் தழும்பு. காலையில் பால் ஊற்ற வரும்போது உங்கள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று வரிசையில் பாதிப் பேர் சொம்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நீங்கள் ஊற்றிவிட்டு, "ஏம்மா, முகம் வேணாம், பால் மட்டும் வேணுமா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவீர்கள்.

அந்தக் கோடையில் டவுனில் பெரியம்மை. வீட்டுச் சொந்தக்காரர் கிணற்றடியில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எந்த வாசல்ல வேப்பிலையப் பாத்தாலும் அடுத்த நிமிஷம் மாட்டு வண்டி வரும். நோவாளியக் கொட்டகைக்கு ஏத்திடுவேன். வீடும் அன்னைக்கே காலி பண்ணிடணும்." ஊருக்கு வெளியே, ஏரிக்கு அந்தப் பக்கம் கீற்றுக் கொட்டகை ஒன்று இருந்தது. முந்தின வாரம் வண்டிக்காரர் ஒருவரின் பிள்ளையை அங்கே கொண்டுபோனார்கள். அந்தப் பிள்ளை திரும்பவில்லை.

அடுத்த சில நாளில் செல்விக்குக் காய்ச்சல் கொதித்தது. மூன்று வயதுக் குழந்தை. பிறகு நெற்றியில் முத்து போட்டது. வேப்பிலை கட்டினால் வண்டி வரும். கட்டாவிட்டால் ஆத்தாவுக்குக் கோபம் வரும், தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே ஓடி வரும். கதவைத் தாழிட்டுக்கொண்டு குழந்தையை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தேன். என் பல் அடித்துக்கொண்டது இன்னும் என் காதில் கேட்கிறது.

நீங்கள் பால் கொண்டுவந்து கதவைத் தட்டினீர்கள். வராதீர்கள் என்று உள்ளேயிருந்தே கத்தினேன். நீங்கள் கதவை ஒரு தள்ளுத் தள்ளினீர்கள், அந்தப் பழைய தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. குழந்தையைப் பார்த்தீர்கள். நான் அழ ஆரம்பித்தேன்.

"சும்னிரு," என்று கன்னடத்தில் ஒரு அதட்டல் போட்டீர்கள். அழுகை நின்றுவிட்டது. "எனக்குச் சின்ன வயசுலயே ஆத்தா வந்துட்டுப் போயிட்டா. இந்தக் கன்னத்தப் பாரு. ஒருதரம் வந்த எடத்துக்கு அவ திரும்ப வரமாட்டா. குழந்தைய எங்கிட்டக் குடு."

குடுத்துவிட்டேன். அன்று முழுக்க நீங்கள்தான் அவளைத் தூக்கி வைத்திருந்தீர்கள்.

சாயங்காலம் குழந்தையை என்னிடம் விட்டு, கிணற்றடியில் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டீர்கள். எட்ட நின்றே பேசினீர்கள். நான் கதவிடுக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு வாசலிலும் வேப்பிலை கட்ட வேண்டும் என்றீர்கள். கிணற்றடியே திடுக்கிட்டது.

"ஐயோ, ஆத்தா வராத வூட்டுல கட்டுனா வான்னு கூப்புட்ட மாதிரி ஆயிடுமே!" என்றார் போலீஸ்காரர் மனைவி. அவர் சொன்னது நியாயம்தான். எந்த ஊரிலும் யாரும் அப்படிச் செய்ததில்லை. தையல்காரர் மனைவி இரண்டடி பின்னால் போனார். அவர் மருமகள் அப்போது மாசமாக இருந்தாள்.

"கூப்புட்டா வரட்டும்," என்றீர்கள். "எட்டு வூட்டுலயும் எலை இருந்தா எங்க தங்கறதுன்னு அவளுக்கே கொழம்பிடும். ஆனா ஒரு வூட்டுல மட்டும் இருந்தா நாளைக்கு வண்டி வரும். இன்னைக்கு அவ புள்ள. நாளைக்கு யார் புள்ளைன்னு யாருக்குத் தெரியும்?"

குடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் விடியலில் கிருஷ்ணகிரியிலிருந்து என் கணவர் முதல் பஸ்ஸில் வந்தபோது எட்டு வாசலிலும் கொத்துக் கொத்தாக வேப்பிலை தொங்கியிருக்கிறது. எட்டு வீட்டுக்கும் வந்துவிட்டது என்று வரிசை முனையிலேயே உட்கார்ந்துவிட்டார். தையல்காரர் வீட்டுக் கொத்துதான் எல்லாவற்றிலும் பெரியது. அந்த அம்மாள் கட்டும்போது கையெடுத்துக் கும்பிட்டு அழுதாராம்.

சொந்தக்காரர் வந்தார். வண்டியும் கூடவே வந்தது. வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். வேப்பிலை கட்டிய வாசலைத் தாண்ட அவருக்கும் தைரியமில்லை. நீங்கள் என் வாசலில் நின்று கேட்டீர்கள்: "எந்த வூட்டு ஆத்தாவ மொதல்ல வெளிய போகச் சொல்லப் போறீங்க, சாமி? சொல்லுங்க, உள்ள போய்ச் சொல்றேன்." அவர் செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். வண்டியைத் திருப்பச் சொன்னார்.

அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. எட்டு வீட்டிலும் தாளிக்கும் வாசனை இல்லை. விருந்தாளி இல்லை. சத்தமாகப் பேச்சில்லை. நீங்கள் செல்வியை விட்டு நகராததால் போலீஸ்காரர் மனைவி உங்கள் எருமையைக் கறந்து ஊரெல்லாம் ஊற்றினார். அம்மை ஊசி குத்துபவர் வந்தபோது, முதலில் கையை நீட்டியது நீங்கள். "உங்களுக்குத்தான் வந்து போயிட்டுதே?" என்று கேட்டேன். "நான் நீட்டுனாத்தான் மத்தவங்க நீட்டுவாங்க," என்றீர்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. செல்விக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று வரிசையில் ஒரு வீடு விடாமல் எல்லோரும் அழுதார்கள். வேறு யாருக்கும் வரவில்லை. தையல்காரர் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது எக்ஸ்டென்ஷனில் மூன்று தெரு ஆகிவிட்டது. மாவு மில் வந்திருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பூட்டை வாங்கிக்கொண்டுதான் குடிவருகிறார்கள். ஆனால் நம் வரிசையில் மட்டும் இன்னும் யாரும் சொம்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போவதில்லை.

போன புரட்டாசியில் உங்களுக்கு மூச்சு முட்டியது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. காரியத்துக்கு ஆனேக்கலிலிருந்து உங்கள் தம்பி வந்திருந்தார். அவரிடம், "அக்காவுக்குச் சின்ன வயசுல அம்மை வந்ததாலதான் என் பொண்ணு பொழச்சா," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அம்மையா? எங்க அக்காவுக்கா? யாரும்மா சொன்னா? அது ஆலையில வெல்லம் காய்ச்சும்போது பாகு தெறிச்ச தழும்பு. நான் பக்கத்துலதான் நின்னேன். அவளுக்கு அம்மை வந்ததே இல்ல."

அக்கா, என் குழந்தையின் முத்து வெடித்த உடம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தீர்களே. உங்கள் கழுத்தில்தானே அவள் முகம் புதைத்துத் தூங்கினாள். இராத்திரி நான் அசந்துவிட்டால் அவளை உங்கள் பக்கம் கிடத்திக்கொண்டு படுத்தீர்களே. ஒரு நாளாவது காலையில் எழுந்ததும் உங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்களா? ஒரு கொசுக் கடிக்குக்கூட நெஞ்சு நின்றிருக்குமே. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

அன்றைக்கு என் பயமெல்லாம் செல்விக்காக மட்டுமே இருந்தது. உங்களுக்காக ஒரு துளிகூடப் பயப்படவில்லை. இப்போது பயப்படுகிறேன், அக்கா. செத்துப்போனவருக்காக எதற்கடி பயம் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் கண்ணை மூடினால் நீங்கள் என் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறீர்கள். தடுக்க வேண்டும் என்று கையை நீட்டுகிறேன். அடுத்த மூச்சிலேயே, தடுத்துவிடுவேனோ, அப்புறம் செல்வி என்ன ஆவாளோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.