பட்டைச் சாயத்தில் வெந்த ஓலை

பழவேற்காட்டு ஏரிக்கரை தோணிரேவிலிருந்து அம்மா மணியம்மாள், நாகப்பட்டினத்துக் குப்பத்தில் இருக்கும் என் மகன் தெய்வசிகாமணிக்குச் சொல்லி எழுதுவிப்பது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கும். ஓலையில் எழுதாமல் இதென்ன காகிதத்தில் வந்திருக்கிறது என்று நீ யோசிப்பாய். எழுதுகிறவர் நம் ஆதிகேசவன்தான், ஒல்லாந்தர் கோட்டைக் கிடங்கில் துணிக்கணக்கு எழுதுகிறாரே அவர். கிடங்கில் கேட்டு வாங்கி வந்த காகிதம் இது. நம் வீட்டில் எழுதுகிற மாதிரி ஓலை ஒன்றுகூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே, ராசா, சொல்ல வாய் வரவில்லை.

நீ சொல்லியனுப்பியது எல்லாம் எனக்கு மனப்பாடம். போன புயலில் உங்கள் பக்கத்துப் பனையெல்லாம் மொட்டையாகிவிட்டது, சந்தைக்கு வருகிற ஓலையைக் கோயில் கணக்கரும் கோட்டைக் கணக்கரும் வாரிக்கொண்டு போய்விடுகிறார்கள், விஜயதசமிக்குப் பள்ளிக்கூடம் திறக்கவேண்டும், குப்பத்துத் தலைவர் நாட்டார் கெடு வைத்துவிட்டார், அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஓலை இருந்தால் நீ வாத்தியார், இல்லாவிட்டால் பிள்ளைகள் பழையபடி வலை இழுக்கப் போகட்டும் என்று. ஊரிலிருந்து எங்கள் நைனா ஓலை அனுப்புவார் என்று நாலு பேர் கூடின இடத்தில் நீயும் வாக்குக் கொடுத்துவிட்டாய். அதைக் கேட்டதிலிருந்து உன் நைனாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பையன் என்னை நம்பிச் சபையில் பேசியிருக்கிறான் என்று மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, ஐயோ, ஏரி முழுக்கத் தமுக்கு அடிக்காத குறைதான். எளாவூர்ப் பக்கத்துப் பனந்தோப்பில் தானே நின்று குருத்தோலையாகப் பார்த்து வெட்டச்சொல்லி, நம் தோணியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். நிழலில் உலர்த்தினார். யாரையும் தொடவிடவில்லை. உன் தங்கை ருக்கு ஒருதரம் மிதித்துவிட்டாள் என்று அவளோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

உலர்ந்த ஓலையை மஞ்சள் போட்டு வேகவைக்கவேண்டும் என்று நீ சொல்லியனுப்பியிருந்தாயே, அங்கேதான் வினை வந்தது. நான் அன்றைக்குக் கோட்டைச் சந்தைக்குக் கூடை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நான் மட்டும் வீட்டில் இருந்திருந்தால், என்று இப்போது நினைத்து என்ன பயன். வலைக்குச் சாயம் போடக் கருவேலம்பட்டை காய்ச்சுகிற அண்டா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. இவர் பார்த்தார். இன்னாத்துக்கு மஞ்சா, மஞ்சா போட்ட ஓலையைப் பூச்சி வுட்டுடுமா, பட்டையில வெந்த வலையே உப்புத்தண்ணியில வருசக்கணக்கா நிக்குது, நம்ம புள்ளைக்கு அனுப்புற ஓலை பேரப்புள்ள காலத்துக்கும் நிக்கட்டும்னு, கட்டுக்கட்டாக அத்தனையையும் அந்த அண்டாவில் இறக்கிவிட்டார். பக்கத்து வீட்டு வடிவேலு பார்த்துக்கொண்டுதான் இருந்தானாம், அவனும் நல்ல யோசனை அண்ணேன்னு தலையாட்டியிருக்கிறான். அவனை மட்டும் எப்படிக் குறை சொல்வது, இந்தக் கரையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நமக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதானே.

நான் திரும்பி வந்தபோது முற்றம் முழுக்க விரித்துக் காயப்போட்டிருந்தார். கருவாட்டு நிறம். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் எனக்கும் எழுத்தைப் பற்றி என்ன தெரியும், வாயை மூடிக்கொண்டேன். காய்ந்ததும் நாலைந்தை எடுத்துக்கொண்டு ஆதிகேசவனிடம் காட்டக் கோட்டை வாசலுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன், சந்தோஷமாகத்தான். அவர் எழுத்தாணியால் உன் பெயரைக் கீறி, கரி தடவித் துடைத்தார். ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு மேலே கறுப்பு. உன் நைனா அதை வாங்கி வெயிலில் பிடித்தார், சாய்த்துப் பார்த்தார், எச்சில் தொட்டுத் தேய்த்தார். நீ அழுத்தமா எழுதல, இன்னொரு தபா எழுதுன்னு சொன்னார். அழுத்தி எழுதினால் ஓலை நெடுகப் பிளந்துகொண்டது. வேறொன்று, அதுவும் பிளந்தது. கூட வந்த ருக்கு கெட்டிக்காரி, வீட்டுக்கு ஓடிக் கிளிஞ்சல் சுண்ணாம்பு எடுத்து வந்து தடவினாள், எழுத்து வெள்ளையாகப் பளிச்சென்று வந்தது, உன் நைனா குழந்தை மாதிரி சிரித்தார். கையில் எடுத்து ஒரு தட்டுத் தட்டினதும் சுண்ணாம்பெல்லாம் கீழே கொட்டிப்போயிற்று. மறுபடி வெட்டிக் காயவைத்து அனுப்பலாம் என்றால் அதற்குள் வாடைக்காற்று தொடங்கிவிடும், இப்போது புறப்படுகிற தோணியை விட்டால் தைக்கு மேல்தான் தெற்கே போக வழி.

அந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன், சிகாமணி. கோட்டை வாசலில், துணிக்காரர்களும் மூட்டைக்காரர்களும் நிற்க, எழுத்து வாசனை இல்லாத முண்டம், உன்னால் என் பிள்ளை வாயில் மண் விழுந்தது என்று கத்திவிட்டேன். அவர் ஓலையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு ஏரிப்பக்கம் நடந்துவிட்டார். என் நாக்கை அறுத்தால் என்ன. எழுத்து வாசனை எனக்கு மட்டும் இருக்கிறதா? நீ இந்த வீட்டில் உட்கார்ந்து எத்தனை ஓலை எழுதினாய், ஒருநாளாவது நாங்கள் குனிந்து, இது என்ன எழுத்து, எப்படித் தெரிகிறது என்று பார்த்தோமா? பிள்ளை படிக்கிறான், தொந்தரவு செய்யாதே என்று விலகி விலகியே போனோம். மரியாதை என்று நினைத்தோம். பார்த்திருந்தால் அவருக்கு இது தெரிந்திருக்கும். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஓலை இல்லாவிட்டாலும் என்னால் முடிந்ததைக் கட்டி அனுப்புகிறேன். மூட்டையில் முகத்துவாரத்து மணல் இருக்கிறது, மாப்போலச் சலித்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தது. நீ அங்கே வேறு மணல் அள்ளினாலும் அலசாமல் பரப்பாதே, நம் பிள்ளைகளுக்கு விரல் நுனியெல்லாம் வலைக்கயிறு அறுத்த புண்ணும் மீன்முள் குத்தின புண்ணுமாக இருக்கும், உப்பு மணலில் அ எழுதச் சொன்னால் எழுத்தையே வெறுத்துவிடும். கூட்டல் கழித்தலுக்குப் புளியங்கொட்டையும், காணி முந்திரிப் பின்னமெல்லாம் பிரித்துக்காட்டச் சின்னச் சிப்பியும் ருக்கு பொறுக்கிவைத்தாள், சிப்பியின் ஓரத்தைத் தேய்த்துத்தான் வைத்திருக்கிறாள். எழுத்தாணிகள் ஆரம்பாக்கத்துக் கொல்லன் அடித்தவை, சின்னக் கைக்குத் தக்கபடி கட்டையாக. பெரிய பிள்ளைகளோடு சின்னதுகளைக் கலந்து உட்காரவை, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதும். விடியற்காலை வலை கரைக்கு வருகிற நேரத்துக்குப் பள்ளிக்கூடம் வைக்காதே, வீட்டில் கூப்பிடுவார்கள், நீ விடமாட்டாய், சண்டைதான் மிச்சம். கூழ் குடிக்காமல் வந்த பிள்ளை கண்ணைப் பார்த்தாலே தெரியும், அதை அதட்டாதே. உன்னைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கோதண்டம் போட்டாரே உன் வாத்தியார், அந்தப் பாவம் உனக்கு வேண்டாம். முதல் நாள் அரிசியில் விரல் பிடித்து எழுதவைக்கும்போது ஆத்தாளையும் அப்பனையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி அவர்களையும் பார்க்கவிடு. வாசலில் நிறுத்திவிடாதே. எங்களுக்குக் கிடைக்காதது அவர்களுக்காவது கிடைக்கட்டும்.

இன்னொன்று. உன் நைனா நேற்று என்னிடம் வந்து உட்கார்ந்தார். மழைக்கால இறாலுக்கு ஏரியில் வலை போடுகிற பாடு, சீட்டில் இந்தத் தடவை நல்ல இடமாக நமக்கு விழுந்திருந்தது, அதை வடிவேலுவிடம் விட்டுவிட்டேன் என்றார். நான் தோணியில போறேன், பையன் பொய் சொல்லல, அப்பன்தான் கெடுத்தான்னு அந்த நாட்டார் முன்னால நானே நின்னு சொல்றேன், அங்க உள்ளூரப் போனா எங்கியாவது பனை இல்லாமலா பூடும், ஓலை சேர்ற வரைக்கும் மணல்ல எழுதட்டும்னு கெஞ்சிப் பாக்கிறேன்னு சொன்னார். இவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு முகமில்லை.

எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை நிற்கட்டும், உன்னிடம் படிக்கிற பிள்ளைகள் கையெழுத்து நிமிர்ந்து நிற்கட்டும், நீ நீண்ட ஆயுசோடு இரு. ஈரத்தலையோடு வாடையில் நிற்காதே. இதை உன்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறவர் அவர்தான், ராசா. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, வாசித்துக் காட்டச் சொல்லி எதிரிலேயே உட்காருவார். சுகம் விசாரித்திருக்கிறாள் என்று சொல். நான் கோட்டை வாசலில் கத்தினதைப் போல நீயும் கத்திவிடாதே, உனக்குக் கோபம் வரும், வந்தால் வெளியே போய் கடலைப் பார்த்து நின்றுவிட்டு வா. திரும்பி வந்து, நாட்டார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், அவர் கையைப் பிடித்து அந்த மணலில் பொன்னுரங்கம் என்று அவர் பெயரை ஒருதரம் எழுதிக் காட்டு.

இப்படிக்கு உன் அம்மா
மணியம்மாள் கைக்கீறல்
சொன்னபடி எழுதியது ஆதிகேசவன்