எட்டு எழுத்துப் பலகை

மே 24, திங்கள்

விடியும்போதே சோளகக் காற்று. முற்றத்துச் சருகு முழுவதும் குசினிக்குள், அடுப்படிவரை. தீவுக்குப் படகு இல்லை, கொரோனாப் பயணத்தடை தொடர்கிறது. கடையில் சீனி முடிந்தது, பால்மா நாளை முடியும்.

இன்று செய்தவை:
கோழிக்கூட்டுக் கதவு கட்டியாயிற்று.
மாதர் சங்கச் (இனி மா.ச.) செயலாளர் என்ற முறையில் ஒலிபெருக்கி அறிவித்தல் எழுதியாயிற்று. "பொதுமக்கள் தத்தம் இல்லங்களில் தங்கியிருந்து உரிய இடைவெளியைப் பேணுமாறு வினயமாக வேண்டப்படுகின்றனர்." ‘வினயமாக’ வந்து விழுந்த இடம் மிகப் பொருத்தம்.
வெங்காயம் காயவைக்க மறந்தேன்.

பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி நடராசா அண்ணையின் பொறுப்பில். எங்கள் ஒழுங்கையின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறும் அவருடைய வளவில். தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளை, உதிலை ஆரை என்ன செய்யச் சொல்லுறீர்?"
"வீட்டுக்குள்ளை இருக்கச் சொல்லுறன், அண்ணை."
"அப்ப அதை எழுதுமன்."

எழுதியதையே வாசிக்கச் செய்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். மீதியை அட்டை கிழிந்த ஓர் அகராதியும் அரசாங்கச் சுற்றறிக்கைகளும் கற்பித்தன. மா.ச.வில் பட்டதாரிகள் இருவர். கடிதம் வரைபவள் நான்.

மே 25, செவ்வாய்

காற்று குறையவில்லை. நான்கு வீடு தள்ளியிருக்கும் செல்வராணியின் கணவன் ரவி சனிக்கிழமை கடைசிப் படகில் கொழும்பிலிருந்து வந்தவன். ஆகவே அவன், செல்வராணி, ஆறு வயது மகள் மூவருக்கும் பதினான்கு நாள் தனிமைப்படுத்தல். வாசல் படலையில் சுகாதாரப் பரிசோதகர் கடதாசி ஒட்டிப் போனார். மத்தியானத்துக்குள் பாதியைக் காற்றும் பாதியை ஆடும் கொண்டுபோயின.

தொலைபேசியில் அவர்: "பரமேஸ் அக்கா, நீங்கள் வடிவா எழுதுவியள். ஒரு பலகையிலை எழுதிக் கட்டிவிடுங்கோவன்."

மீன்பெட்டிப் பலகை ஒன்று கிடைத்தது. வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்ற். ‘தனிமைப்படுத்தப்பட்ட’ பன்னிரண்டு எழுத்து; பலகை கொள்ளாது. எழுத்தைச் சிறிதாக்கினால் தெருவிலிருந்து தெரியாது. யோசித்துத் தெரிந்தெடுத்தது: ‘விலக்கப்பட்ட இல்லம்’. விலக்கப்பட்ட, எட்டே எழுத்து. சுருக்கம், கம்பீரம். ஒரே மூச்சில் எழுதி, பொழுதுபடமுன் அவர்கள் படலையில் கட்டினேன்.

மே 26, புதன்

பெயின்ற் காய்ந்தபின் எழுத்து இன்னும் வடிவு. தெருவில் போன இருவர் நின்று வாசித்ததைக் கண்ணாற் கண்டேன். திருப்தி.

அடைக்கோழிக்கு இன்று பன்னிரண்டாம் நாள். சங்கக் கூட்டம் இல்லை.

மே 27, வியாழன்

செல்வராணி வீட்டு மாடுகள் விடியற்காலம் தொடக்கம் கத்தின. போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடக்கிறது. கிணற்றுக்குப் போவோர் அந்த வீட்டுக் குடத்தையும் நிரப்பி மதிலடியில் வைப்பது என்று செவ்வாயன்றே பேசி ஒழுங்கு செய்திருந்தோம். நேற்றுக் காலையிலிருந்து ஒருவரும் வைக்கவில்லை. நடராசா அண்ணை வாளியையும் கயிற்றையும் எடுத்து உள்ளே பூட்டிவிட்டாராம்; மற்ற வீட்டுக் குடங்களுக்கு மட்டும் திறக்கிறாராம்.

செல்வராணி மதிலுக்கு உள்ளே, நான் வெளியே. அவள் தண்ணீர் கேட்கவில்லை.

"அக்கா, விலக்கி வைக்கிற அளவுக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள்? களவெடுத்தனாங்களோ? ஆற்றையும் குடும்பத்தைக் குலைச்சனாங்களோ?"

‘விலக்கு’ என்பதற்குத் தவிர்த்தல் என்றும் பொருள் உண்டு என விளக்கினேன்.

"அது உங்கடை புத்தகத்திலை. ஊரிலை விலக்கினதெண்டால் தண்ணியுமில்லை, கதை பேச்சுமில்லை."

என் கிணற்று உப்புச் சவர்த்தண்ணீர் பத்து வாளி, மாடுகளுக்கு. என் வீட்டிலிருந்த நல்ல தண்ணீர் ஒரு குடம், மூவருக்கும். தோள் வலி.

மே 28, வெள்ளி

நடராசா அண்ணையிடம் நேரே போனேன். நெற்றியில் திருநீறு, கையில் கிணற்றடிப் பூட்டின் திறப்பு.

"குழந்தை இருக்கிற வீடு, அண்ணை. தண்ணி குடுக்காமல் விடலாமோ?"
"நீர்தானே விலக்கெண்டு எழுதினனீர். படிச்ச மனிசி எழுதினால் நாங்கள் கேக்கத்தானே வேணும்."
"நான் உள்ளை போகவேண்டாம் எண்டு எழுதினனான்."
"நீர் எழுதினதைத்தான் நான் வாசிச்சனான். கண்டறியாத தமிழ்."

உண்மை ஒன்றைக் குறித்து வைக்கவேண்டும். இதுவரை நான் எழுதிய அறிவித்தல்களுள், ஊர் முழுவதும் சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிந்தது இது ஒன்றுக்குத்தான்.

பின்னேரம் ரவி மதிலடிக்கு வந்தான். குரலைத் தாழ்த்தி: "ஞாயிறு விடிய வள்ளம் எடுக்கிறன். பக்கத்துத் தீவிலை, மடத்துவெளியிலை என்ரை அக்கா வீடு. அங்கை தண்ணியெண்டாலும் தருவினம்."
"உமக்குக் கொரோனா வருத்தம் இருந்தால் அந்த வீட்டுக்கும் குடுப்பீர், தம்பி."
"இஞ்சை தாகத்திலை சாகிறதோ?"

பரிசோதகருக்குச் சொன்னால் மூவரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள்; மாடுகள் இரண்டும் என்னாகும்? சொல்லாமல் விட்டால் இரண்டு தீவுக்கு நோய். சனிக்கிழமை பொழுதுபடும்வரை பொறுக்கச் சொன்னேன். சம்மதித்தான். பிழை என் கையெழுத்தில். திருத்தமும் என் கையெழுத்திலேயே. பலகையைக் கழற்றி வந்துவிட்டேன்.

மே 29, சனி

காலை முழுவதும் அகராதி. தள்ளியவை:
ஒதுக்கப்பட்ட: முன்னதிலும் மோசம்.
தடைசெய்யப்பட்ட: பொலிஸ் வாடை.
தனிமையுற்ற: செத்தவீடு போல.
பேணப்படும்: என்னத்தை என்று கேட்பார்கள்.

பதினொரு மணிக்கு வேலிக்கு அப்பால் பெண்கள் இருவரின் பேச்சு. ஒருத்தி மகளின் பேறு பார்க்க வந்து தடையில் அகப்பட்டவள்; பேச்சு, பிள்ளை பெற்ற இன்னொரு வீட்டைப் பற்றி.

"கனகத்தின்ரை மருமேளைப் போய்ப் பாத்தனீயோ?"
"துடக்கு கழியேல்லையெல்லோ. பத்தியச் சரக்கைப் படலையிலை வைச்சுக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டு வந்தனான்."

அகராதியை மூடினேன்.

தீட்டுப்பட்ட துடக்கு வீட்டுக்குள் ஒருவரும் போகார். அங்கே கை நனைக்கார். ஆனால், துடக்கு வீட்டைப் பட்டினி போடவும் இந்த ஊரில் ஒருவரும் துணியார். அதில் பழியும் இல்லை; பிள்ளை பிறந்த வீட்டுக்கும் அது உண்டு. நாள் கழிந்தால் கழிந்ததுதான். சுற்றறிக்கை இரண்டு பக்கத்தில் சொல்வதை அந்த ஒரு சொல் சொல்கிறது.

அது எனக்கு விருப்பமான சொல்லன்று. அதன் பேரால் எத்தனை திருவிழா கோயில் வெளிவீதியோடு நின்றிருக்கிறேன். ஆயினும் இன்று அது எனக்கு வேலை செய்யட்டும்.

‘ஆசௌசம்’ என வடமொழியில் எழுதக் கை போயிற்று. தடுத்தேன்.

ஐந்து மணி, கோயில். நடராசா அண்ணை தாளை வாங்கக் கை நீட்டினார். கொடுக்கவில்லை; ஒலிவாங்கியை நானே பிடித்தேன்.

"செல்வராணி வீட்டிலை நோய்த்துடக்கு. பதினாலு நாள். ஒருத்தரும் உள்ளை போகக்கூடாது, அவையும் வெளியாலை வரக்கூடாது. தண்ணி, சாப்பாடு மதிலிலை வைக்கவேணும். அந்த வீட்டை விலக்கெண்டு எழுதினது என்ரை பிழை."

கடைசி வசனம் தாளில் இல்லை. வந்துவிட்டது.

நடராசா அண்ணை ஒலிபெருக்கியை நிற்பாட்டினார். "இப்பதான் தமிழ் கதைக்கிறீர்." திறப்பை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

பலகையின் மறுபுறம் எழுதித் திரும்பக் கட்டியது: நோய்த்துடக்கு, 14 நாள். இடம் மிச்சம்.

மே 30, ஞாயிறு

விடிய எழும்பியதும் கடற்கரைப் பக்கம் பார்த்தேன். ரவி எடுக்க இருந்த அவன் தமையனின் வள்ளம், கட்டிய இடத்திலேயே.

செல்வராணி வீட்டு முருகைக்கல் மதில்மேல் இருந்தவை: நல்ல தண்ணீர் இரண்டு குடம் (நடராசா அண்ணை, எல்லோருக்கும் முதல்), புட்டு, மீன் சொதி, இன்னும் ஒரு புட்டு, பனங்கட்டி, மாட்டுக்குத் தவிடு, பிள்ளைக்கு ஒரு பந்து.

ஆனால் சொல்லைக் கட்டவிழ்த்துவிட்டால் அது தன் வழியே போகும். ஒன்பது மணிக்குச் செல்வராணியின் சித்தப்பா குடும்பம், நான்கு பேர், படலையைத் திறக்கும் நிலையில்.

"எங்கை போறியள்?"
"நாங்களும் துடக்குக்காரர்தானே, பரமேஸ். ரத்த உரித்து. நாங்கள் உள்ளை போய்ச் சாப்பிடலாம்."

அவர்களைத் திருப்பி அனுப்பி மூச்சு விடமுன் கத்தோலிக்கக் கோயிற்பற்றுப் பக்கமிருந்து றோசலின் அக்கா, கையில் சட்டியோடு.

"நாங்கள் வேதக்காரர், எங்களுக்கு உந்தத் துடக்கு இல்லை. நான் போய்ச் சமைச்சுக் குடுக்கட்டோ?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். சட்டி மதிலுக்குப் போயிற்று.

திருத்த அறிவித்தல், மாலை: "இந்தத் துடக்குக்கு உரித்தும் இல்லை, சமயமும் இல்லை. உள்ளை போனால் எல்லாருக்கும் துடக்குத்தான்." நடராசா அண்ணை இரண்டு தரம் ஒலிபரப்பினார், நான் கேட்காமலே.

ஜூன் 1, செவ்வாய்

பரிசோதகர் வந்து மூவரின் மூக்கிலும் மாதிரி எடுத்தார். மகள் கத்திய கத்தில் மாடுகள் பதில் சொல்லின.

பின்னேரம் மதில் சரிந்தது. காரணம் சாப்பாடு. கல்லுக்குக் கல் அடுக்கிய மதில். ஒன்பது சட்டியும் மூன்று குடமும் தாங்கவில்லை. தண்ணீர் வைக்கப் போன நான் வெளியிலிருந்தும் ரவி உள்ளிருந்தும் சேர்ந்து தாங்கிப் பிடித்தோம். முகத்துக்கு முகம். என் முகக்கவசம் மூக்கை விட்டு இறங்கி நாடியில். கல்லை அடுக்கி முடிக்க அரை மணி நேரம்.

குடம் தப்பியது. சொதி போயிற்று.

ஜூன் 3, வியாழன்

முடிவு வந்தது. ரவிக்கு நோய் இருக்கிறது. காய்ச்சல் இல்லை, மணம் மட்டும் தெரியவில்லையாம். தாய்க்கும் மகளுக்கும் இல்லை. அவர்களுக்குப் பதினான்கு நாள் புதிதாகத் தொடங்கும்.

சிகிச்சை நிலையத்துக்கு ஏற்ற வந்த படகு இறங்குதுறையில். ரவி தூர நின்று கத்திச் சொன்னான், சோளகம் பாதியைக் கொண்டுபோனது: "மடத்துவெளியிலை அக்காவுக்குக் கைக்குழந்தை... போயிருந்தால்..."

"மாட்டை நாங்கள் பாப்பம். நீ போட்டு வா." பதில் நடராசா அண்ணையுடையது.

பரிசோதகர் பட்டியல் எடுத்தார். நெருங்கிப் பழகியோர் யார் யார்? ஊரில் ஒருவரும் இல்லை. எல்லோரும் மதிலோடு நின்றவர்கள்.

"ஒராள் இருக்கிறா," என்றேன். "ஜூன் முதலாம் திகதி, அரை மணித்தியாலம், முகக்கவசம் சரியாக அணியாமல். பெயர் பரமேஸ்வரி."
"அக்கா, நீங்கள் சொல்லாட்டில் ஒருத்தருக்கும் தெரியாது."
"எனக்குத் தெரியும். எழுதும்."

எழுதினார். ‘பரமேஷ்வரி’ என்று எழுதினார். திருத்துவித்தேன்.

ஜூன் 4, வெள்ளி

முதலாம் நாள். காற்று அதேபடி. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கோப்பி மணக்கிறது. அடைக்கோழிக்கு ஏழு குஞ்சு.

அடுத்த பதினான்கு நாளுக்கு: மா.ச. அறிக்கை, கூட்டுக்கு இன்னொரு கதவு, அகராதி ‘ம’ முதல் முடிவுவரை.

காலையிலேயே படலையில் தட்டும் ஓசை. போய்ப் பார்த்தால் நடராசா அண்ணை, வாயில் ஆணி, கையில் சுத்தியல். புதுப் பலகை. எழுத்து அவருடையது, ஒன்று மேலே, ஒன்று கீழே, வள்ளத்துப் பச்சையே. மதில்மேல் ஒரு குடம், மூடிய சட்டியில் ஒடியற்கூழ்.

அவர் பத்தடி தள்ளிப் போகும்வரை பொறுத்து எட்டி வாசித்தேன். ‘நோய்துடக்கு’.

பதினான்கு நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. மிஞ்சியிருந்த பெயின்றை எடுத்து, படலைக்கு மேலால் கை நீட்டினேன்.

"உள்ளை இருந்துகொண்டும் பிழை பிடிக்கிறீரோ?"
"ஒரு ‘த்’ விட்டுப்போட்டியள், அண்ணை. ஒற்றில்லாமல் எப்பிடி?"
"ஒற்றைப் பிறகு வையும். கூழ் ஆறப்போகுது."

முதலில் ஒற்று.