தெருமுனையில் நிற்கும் வழக்கம்

அக்கா,

இன்று காலை சென்னை போகும் பேருந்து உப்பளங்களைக் கடந்தபோது, புதிதாகத் தண்ணீர் பாய்ச்சிய பாத்திகளின் சேற்று வாடை சன்னல் வழியே உள்ளே வந்தது. நீங்கள் மறைந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியில் ஒரு தொலைக்காட்சி விவாதம் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணுரிமையா, திருநங்கையர் உரிமையா என்பது தலைப்பு. இதே அலைவரிசைகள் ஒரு காலத்தில் திருநங்கையரை ஏளனம் செய்தன. பிறகு மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தின. இப்போது அவர்களையும் பெண்களையும் எதிரெதிரே உட்காரவைத்து, யார் யாருடைய இடத்தைப் பறிக்கிறார்கள் என்று கேட்கின்றன. வாடையும் விவாதமும் ஒன்றாக வந்ததால், உங்களுக்கு எழுதத் தோன்றியது.

உங்கள் ஓய்வுக் கொட்டகையிலிருந்து தொடங்குவதுதான் முறை. உப்புச் சுமக்கும் பெண்கள் ஒதுங்கவும் உடை மாற்றவும் ஒரு கொட்டகை வேண்டும் என்று நீங்கள் கொடுத்த மனுக்களை வக்கீலாக எழுதித் தந்தவன் நான். கட்டி முடித்த அன்று எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நீங்கள் கதவின் உட்புறத்தைப் பார்த்தீர்கள். "உள்ள தாப்பா எங்கடா?" என்று மேஸ்திரியைக் கேட்டீர்கள். தாழ்ப்பாள் போடும்வரை உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. அந்தக் கதவு உங்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை அறிந்திருந்ததால்தான், மேகலா வந்தபோது நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று எனக்குத் தயக்கம் இருந்தது.

மேகலா உங்கள் தெருவில் பையனாக வளர்ந்தவள். ஆண்களோடு நின்று உப்பு வாரியவள். புதுச்சேரிக்குப் போய்ச் சில ஆண்டுகள் கழித்து, திருநங்கையாகத் திரும்பி வந்தாள். வாரும் வேலை ஆண்களுடையது, சுமக்கும் வேலை பெண்களுடையது என்பது அங்கே எழுதாத விதி. அவள் சுமக்க வந்தாள். யாரும் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் நிறைந்த கூடையைத் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ள ஒருவராலும் முடியாது. இன்னொருத்தி எதிரே நின்று தூக்கிவிட வேண்டும். மேகலாவின் கூடைக்கு எதிரே யாரும் வந்து நிற்கவில்லை. நிறைந்த கூடையின் பக்கத்தில் அவள் நிற்க, மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கொட்டகையில் நீங்கள் கூட்டிய கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள்.

"சட்டம் இன்னா சொல்லுது தம்பி?"

பாலின அடையாளம் ஒருவர் தாமே உணர்வது என்று நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. பின்னால் வந்த சட்டங்கள் அதை எந்த அளவுக்குத் தாங்குகின்றன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேலையிடத்து ஓய்வறை குறித்துத் தெளிவாக எதுவும் சொல்ல இயலாது என்றேன்.

"தெளிவா தெரியாதுன்றத இவ்ளோ தெளிவா சொல்ல உன்னாலதான் முடியும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

கன்னியம்மா சிரிக்கவில்லை. உங்களோடு நெடுங்காலம் சுமந்தவர் அவர். "நான் மேகலாவ சொல்லல. நாளைக்கி எவனாவது பொடவ கட்டிகினு நானும் பொம்பளதான்னு உள்ள வந்தா இன்னா பண்றது?"

மேகலா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். "பொடவ கட்டிகினு உப்பு சொமக்க எவன்கா வருவான்? ஆம்பள கூலிய வுட்டுட்டு இல்ல வரணும். நான் வுட்டுட்டு வந்துட்டேன். என்ன மாரி ஏமாளி இன்னொருத்தன் கெடைப்பானா?"

இம்முறை கன்னியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் அவர் கேட்டதைச் சிரிப்போடு போகவிட நீங்கள் சம்மதிக்கவில்லை. "அவ பயப்படறது பொய்யில்ல. அவ ஒதுங்கப்போற எடத்துல எட்டிப் பாத்தவனுங்கள நானும் பாத்திருக்கறேன். கொட்டா விஷயம் இப்ப வேணாம், பொறவு பேசிக்கலாம். ஆனா வேல செய்ய வந்தவள கூடையோட நிக்க வெச்சிட்டுப் போறது தப்பு. நாளைலருந்து இவளுக்கு நான் தூக்கி வுடறேன்."

மறுநாள் அவளுக்கு எதிரே நீங்கள் குனிந்து நின்றீர்கள். கொட்டகையைப் பற்றிய அந்த இரண்டாவது கூட்டம் நடக்கவே இல்லை. கோடை மழை ஒன்று திடீரெனப் பிடித்துக்கொண்டபோது கதவைத் திறந்து, "ஏய், அங்கயே நின்னுகினு கெடக்கற, உள்ள வா" என்று மேகலாவைக் கூப்பிட்டவர் கன்னியம்மா. தீர்மானம் ஏதுமில்லை, கையொப்பம் ஏதுமில்லை. அதற்குப் பிறகும் ஓரிருவர் அவள் உள்ளே இருந்தால் வெளியே காத்திருந்தார்கள். அவர்களை நீங்கள் கடிந்துகொண்டதாக எனக்கு நினைவில்லை.

இதுவரை நீங்கள் அறிந்தது. இனி நீங்கள் அறியாததைச் சொல்கிறேன்.

உங்களை எடுத்த அன்று, வழக்கப்படி பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். சுடுகாட்டுக்கு அங்கிருந்து ஆண்கள் மட்டுமே போக வேண்டும். மேகலாவும் பெண்களோடு நின்றாள். தெருப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, அவளுடைய பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

"ஏம்பா, நீ வரலாம், உனக்கு இன்னா தட? வந்து தோள் குடு."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை, சலுகையாகத்தான் சொன்னார். உங்களைக் கடைசிவரை சுமப்பதைவிடப் பெரிய விருப்பம் அவளுக்கு இருந்திருக்க முடியாது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா கூட கடைசி வரைக்கும் போவணும்னுதான் இருக்குது. ஆனா ஆம்பளையா வர மாட்டேன் பெரிப்பா."

சொல்லிவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பாடை நகர்ந்தது. பறையொலி தூரமாகிக்கொண்டிருந்தது. கன்னியம்மா அவளிடம் வந்து நின்றார். பிறகு, சுமைக்குக் குனிவதற்கு முன் செய்வதைப்போல, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"எழுந்திரு. ஆம்பளையா போவ மாட்டேன்னுதான சொன்ன? பொம்பளையா போ. நாங்களும் வர்றோம்."

"கன்னிம்மா, இன்னா பேசற? எப்பவும் இல்லாத வழக்கம்" என்றார் ஒரு பெண்.

"எப்பவும் நிக்க சொன்னாங்க, நின்னோம். ஏன்னு கேட்டமா? அவளக் கேட்டானுங்க, அவ வேணான்னா. நம்மள எவன் கேட்டான்?"

பாதிப் பேர் நடந்தார்கள். மீதிப் பேர் அங்கேயே நின்றார்கள். அவர்களுள் சிலர் அழுதுகொண்டே வீடு திரும்பினார்கள். தடுக்கச் சொல்வதுபோல் பெரியவர் என்னைப் பார்த்தார். நான் வழியை விட்டு ஒதுங்கி நின்றேன்.

ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு பொது விதி வகுக்கக் கூடாது என்பது என் தொழிலின் பாடம். இந்த விவாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் இருந்திருப்பீர்கள் என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். உங்கள் சார்பில் பேச எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். நான் கண்ணால் கண்டதை மட்டும் என்னோடு வைத்திருக்கிறேன். அன்று உங்கள் குழியருகே, பிடி மண் போட முதன்முறையாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மேகலா அந்த வரிசையின் நடுவில் இருந்தாள். அவள் முறை வந்தபோது குனிந்து மண்ணை அள்ளினாள். பின்னால் நின்ற கன்னியம்மா அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.