பெயரில்லாமல் வரும் குழாய்

உலகத்துக் கிருமிகளுக்கெல்லாம் எமனாகிய என் அருமை மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நம் வண்டுப் பயல், என் பேரன், உன் தங்கை மகன், நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பதறாதே, இன்று காலை காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆக்ஸிஜன் குழாய் மட்டும் மூக்கில் இருக்கிறது, அதையும் பிடுங்கப் பார்த்து நர்ஸிடம் திட்டு வாங்கிவிட்டான்.

கொண்டுபோன அன்று நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்கினான். நான் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரிச் சுவரே இரண்டடி நகர்ந்திருக்கும். நர்ஸ் மருந்து ஊசியோடு வந்தார். மருந்து ஏறிவிட்டால் எடுக்கிற ரத்தத்தில் கிருமி வளராது, அது எந்த வகை என்று தெரியாவிட்டால் தடுப்பூசியில் எதைச் சேர்ப்பது என்றும் தெரியாது என்று நீ போனில் ஆயிரம் தடவை ஓதியது அப்போதுதானா ஞாபகம் வரவேண்டும்! முதல்ல ரத்தம் எடுங்கம்மா என்று குறுக்கே நின்றேன், டாக்டரும் சரி, சீக்கிரம் என்றார். அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு அகப்படவில்லை. ஒரு குத்து, இரண்டு குத்து. உன் தங்கை என் சட்டையைப் பிடித்து, அக்கா ஆராய்ச்சிக்கு என் புள்ளதான் கெடச்சானாப்பா, மருந்தப் போடச் சொல்லுங்க என்று கத்தினாள். ஒன்பது சிங்கங்களை அடக்கியதாக ஊரெல்லாம் அளக்கும் உன் சித்தப்பன் குரல் செத்து, போட்டுடுங்கம்மா என்றுவிட்டேன். நர்ஸ் என்னைத் திரும்பியும் பார்க்காமல், அசையாம புடிங்க என்று மூன்றாவது குத்தில் எடுத்துவிட்டார், அதே ஊசி வழியாக மருந்தும் ஏறியது.

அந்த ரத்தத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது. தடுப்பூசி ஒன்றுவிடாமல் போட்ட பிள்ளைக்கு எப்படி வந்தது, தடுப்பூசிக்குத் தெரியாத வகையா என்று இங்கே யாருக்கும் விளங்கவில்லை, உங்கள் லேபுக்குத்தான் அனுப்புகிறார்களாம். கிருமியை அடைத்து அனுப்பும் குழாயில் பெயர் இருக்காது, வெறும் எண்தானாம். எது அவனுடையது என்று தேடாதே, வருகிற ஒவ்வொன்றும் அவனுடையது என்றே பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, கையுறை போடாமல் எதையும் தொடாதே, நீ எடுத்த காரியமெல்லாம் துலங்கட்டும். ஒன்று மறக்காதே, உன் தங்கை என்னோடு பேசுவதில்லை, காபியை நீட்டுகிறாள், முகம் பார்ப்பதில்லை. அவளுக்குப் போன் செய். கிருமியைப் பற்றி வாயே திறக்காதே, பிள்ளைக்குக் கை வலிக்கிறதா என்று முதலில் கேள்.

சிங்கங்களை அடக்கி, பெற்ற மகளுக்கு நடுங்கும்,
உன் சித்தப்பா