அப்பாவின் ஐந்து பற்கள்

வாஜிமா,
நவம்பர் 9

அன்புள்ள யசுயோ அக்காவுக்கு,

இங்கே குளிர்மழை ஓயவில்லை. ஒசாக்காவில் உன் தையல் ஆலையில் கணப்பு வைத்துவிட்டார்களா?

அப்பாவுக்கு மூளையில் ரத்தம் கட்டி எட்டு மாதமாகிறது. இன்னும் என்னைத் தெரியவில்லை. ஆனால் நேற்று, நான் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, காய்ந்த கணவாய் மீனைக் கடித்து மென்றார். மேலே கட்டுப்பல், கீழே சொந்தப் பல் ஐந்துதானே. மெல்ல மெல்லக் கண் தெளிந்தது. "யசுயோ சாப்பிட்டாளா?" என்றார்.

நீ சண்டை போட்டுக்கொண்டு போன பிறகு உன் பெயரை அவர் சொன்னதே இல்லை.

வீட்டுக்கு வரும் நர்ஸிடம் சொன்னேன். "பல்லோட வேர்ல உணர்ச்சி இருக்கும்மா. கடிக்கிறப்ப அது மூளையைத் தட்டி எழுப்பும்" என்றார்.

உன் தங்கை,
சிஹாரு

ஒசாக்கா,
நவம்பர் 17

சிஹாரு,

என்னைத் தேற்றக் கதை கட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று முழுக்க ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. "வாசலைத் தாண்டினா நீ எனக்கு மகளே இல்ல" என்ற அதே வாய் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டால் போதும்.

பல்லின் சீழ் நுரையீரலுக்குப் போய்விடும் என்று பல் டாக்டர் எழுதியதால், உன் கடிதம் வரும் முன்பே ஐந்தையும் எடுக்கக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி வீட்டுக்கு வருவார். நிறுத்த முடியுமா என்று போனில் கேட்டேன், பார்த்துக்கொள்பவர் நேரில் சொன்னாலே போதுமாம். "அக்கா வரட்டும்" என்று சொல். கதவுக்குப் பின்னால் ஒளியாதே, ஊமைச்சி. ஆண்டுப் பிறப்புக்கு வருகிறேன்.

யசுயோ

வாஜிமா,
நவம்பர் 28

அக்கா,

உன் கடிதம் இருபதாம் தேதியே வந்துவிட்டது. தபால் மேல் பழி போட நினைத்தேன். மனம் வரவில்லை.

டாக்டர் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, தொந்தரவுக்கு மன்னிக்கும்படி குனிந்தார். நானும் குனிந்தேன். அதற்குள் உதவிப் பெண் பெட்டியைத் திறந்துவிட்டாள். மழையில் அவ்வளவு தூரம் வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று அவரே கேட்டார். "டீ கொண்டு வரவா?" என்றேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே குரல் வராமல்தானே பள்ளியை விட்டேன்.

போகும்போது "நல்ல அடக்கமான பொண்ணு" என்றார்.

இப்போது கஞ்சிதான். விழுங்குகிறார். கண் சுவரிலேயே இருக்கிறது. கணவாயை உதட்டில் வைத்தேன். ஈறால் கவ்விப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வா அக்கா. உன்னைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்து மட்டும் வராதே.

சிஹாரு

வாஜிமா,
ஜனவரி 8

அக்கா,

ஆண்டுப் பிறப்பு விடுமுறை மூன்று நாளும் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் வந்தேன். கடைசிப் பேருந்தின் ஓட்டுநர், "யாரும்மா வரணும்?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

திட்டியாவது நாலு வரி எழுது. இந்த வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.

சிஹாரு